ஒரு பிடி போக மீதி

படப்பைப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில், அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கெட் டப்பா இருக்கும். உள்ளே பிஸ்கெட் இருக்காது. உலை வைத்து, ஆழாக்கில் அரிசி அளந்து, அதைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அந்த டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்துப் போட்டால் அது கணக்கில் சேராது. வீட்டாருக்கென்று அளந்த அரிசியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றைய சோற்றில் யாருக்கோ ஒரு கவளம் குறையும். பெரும்பாலும் அது அள்ளிப் போட்டவளுக்குத்தான் குறையும்.

வாரக் கடைசியிலோ மாதக் கடைசியிலோ சபைப் பெண்கள் இரண்டு பேர் துணிப்பையோடு தெருவில் வருவார்கள். “ஸ்தோத்திரம்க்கா, அரிசி எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்று வாசலில் ஒரு குரல். டப்பா கவிழும், பை கொஞ்சம் கனக்கும், அடுத்த வீட்டுக்கு நடப்பார்கள். கைப்பிடி அரிசி என்று இதற்குப் பெயர். வீடு வீடாகப் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சபை நோட்டீஸில் பெயரும் வராது. முழங்கால் வலி வரும்வரை, வந்த பிறகும்கூட, அதே தெருக்களில் அதே பையோடு நடப்பவர்கள் உண்டு.

தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் வரலாற்றை எழுதியவர்கள் மிஷனெரிகளையும் பிஷப்புகளையும் வானுயர்ந்த கோபுரங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். டப்பாவுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகக் குறைவு. அந்தக் கோபுரங்கள் எழும்பிய ஊர்களில் அடுப்படியிலிருந்து என்ன போயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

பிடி அரிசி கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததல்ல. உண்ணும்போது பிறருக்கென ஒரு கைப்பிடி எடுத்து வைக்கும் அறத்தைத் திருமந்திரம் பேசுகிறது. 20ஆம் நூற்றாண்டில் காஞ்சி மகாபெரியவர் ‘பிடி அரிசித் திட்டம்’ என்று பெயரிட்டே அதை வீடுகளுக்குக் கொண்டுபோனார். தமிழ் மண்ணில் ஏற்கெனவே இருந்த பழக்கத்தைத்தான் சபைகள் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு பையும் ஒரு நோட்டும் ஒரு கிழமையும் ஏற்படுத்தின. சபை சேர்த்தது அந்த ஒழுங்கைத்தான்.

ஏன் அரிசி, ஏன் காசு இல்லை என்பதற்கு விடை எளிது. விவசாயக் கூலி தானியமாகக் கிடைத்த காலம் அது. நாணயம் புழங்கிய வீட்டிலும் அது ஆண் மடியில்தான் இருந்தது. பெண் யாரையும் கேட்காமல் கை வைக்கக்கூடிய ஒரே கஜானா அரிசிப் பானை. அந்தக் கஜானாவிலிருந்து யார் அனுமதியும் இல்லாமல் அவள் எழுதிய காசோலை என்று அந்த ஒரு பிடியைச் சொல்லலாம். சேர்ந்த அரிசி சில இடங்களில் உபதேசியாருக்குப் படியாகப் போயிற்று, சில இடங்களில் விடுதிப் பிள்ளைகளுக்குக் கஞ்சியாயிற்று, மற்ற இடங்களில் ஏலத்தில் விற்றுக் காசாயிற்று.

இதன் செழிப்பான களம் திருநெல்வேலிச் சீமை. சொல்லப்போனால் அங்கே நெல் விளைவதே அரிதான தெற்கு ஓரத்துத் தேரிக்காடு. சிவப்பு மணல், பனைமரம், உடைமுள். 1799இல் அந்த மணலில் கிறிஸ்தவர்களுக்கென்று உருவான முதல் குடியிருப்புக்கு முதலூர் என்றே பெயர் வைத்தார்கள். (இன்றைக்கு அந்த ஊரை மஸ்கோத் அல்வாவுக்காகத்தான் பலருக்குத் தெரியும்.) 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் காலத்தில் தர்ம சங்கம் என்ற அமைப்பு தொடங்கி, மதம் மாறியதால் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் கட்டிக் கொடுத்தது. அரிசி இல்லாத ஊரில் கருப்பட்டி காணிக்கையாயிற்று. பதநீர் காலத்தில் வந்தது கருப்பட்டி என்றால், அறுப்பின் பண்டிகையில் முருங்கைக்காய், வாழைத்தார், கோழி, ஆடு என்று வந்து கோயில் வளாகமே சந்தையாகிவிடும். பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போகும். வாங்கியவர் அதை மறுபடியும் காணிக்கையாக வைப்பார், இன்னொருவர் மறுபடியும் ஏலம் கேட்பார். பொருளாதாரப் புத்தகம் எதற்கும் அடங்காத வியாபாரம் அது.

முதலூர் இருக்கும் அதே வட்டாரத்தில், வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில், கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாக 1874 ஆகஸ்ட் 17இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பட்டத் தேர்வு நேரத்தில் உடம்பு படுத்தியதால் பி.ஏ. கைக்கு வரவில்லை. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஒய்.எம்.சி.ஏ.வில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. 1902இல் அந்த வேலையாக யாழ்ப்பாணம் போனார். அங்கே கண்ட ஒன்று அவரைத் தைத்தது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, கடலைத் தாண்டி ராமநாதபுரக் கரையில் உள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இலங்கைத் தமிழர் இந்தியத் தமிழருக்காகச் செலவழிக்கிறார்கள், நூறு வருடம் பழமையான திருநெல்வேலிச் சபையோ இன்னும் லண்டன் பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று உறைத்தது.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. மூன்று நிபந்தனைகளும் அன்றைக்குப் புரட்சி. 1904இல் முதல் ஊழியராக சாமுவேல் பாக்கியநாதன் ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போனார். மொழி தெரியாது. தெலுங்கை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே 1903ஆம் ஆண்டு ஜூலையில், வடக்கே விருதுபட்டியில் காமராஜர் பிறந்தார். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. சாதிச் சங்கம் நடத்திய, அவர் படித்த சத்திரிய வித்யாசாலையில் கட்டணம் கிடையாது. ஊர் வணிகர்கள் கொடுத்த மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியும்தான் பள்ளிக்கு மூலதனம். அந்தப் பிடி அரிசியில் எழுத்துக் கற்ற பையன் முதலமைச்சரானபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவோடு சேர்ந்து 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அதுவும் ஊர்மக்களின் கொடையைப் பெருமளவு நம்பியே நடந்தது. விருதுபட்டியின் பிடி அரிசி சாதிச் சங்கத்தின் வழியாகப் பள்ளிக்குப் போயிற்று, பாளையங்கோட்டையின் பிடி அரிசி சபை வழியாக மிஷனுக்குப் போயிற்று. அள்ளிய கைகள் ஒரே மாதிரிக் கைகள்.

அசரியா 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். தோர்ணக்கல் மறைமாவட்டத்து மக்கள் பெரும்பாலும் நிலமற்ற மாலா, மாதிகா கூலிகள். காணிக்கைப் பெட்டியில் போட அவர்களிடம் என்ன இருந்தது? அசரியா விடாப்பிடியாக இருந்தார். ஏழை என்பதற்காகக் கொடுக்கும் உரிமையை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கொடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி தானியத்தை ஒதுக்கினார்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கும் வீட்டில் எடுக்கும் ஒரு பிடியும் முழு வயிறு உண்ணும் வீட்டில் எடுக்கும் ஒரு பிடியும் ஒன்றாகுமா என்று கேட்பவர்களுக்கு எளிதான பதில் இல்லை. அந்தக் கேள்வியை இன்றும் கேட்கத்தான் வேண்டும்.

தானியத்தோடு நேரத்தையும் கேட்டார் அசரியா. தோர்ணக்கல்லில் ஆண்டுக்கு ஒருமுறை ‘சாட்சி வாரம்’ நடக்கும். கூலிக்காரர், குடியானவர், கிழவி என்று சம்பளமில்லாத சாதாரண மக்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கூட்டமாகப் புறப்பட்டுப் போவார்கள். புதிதாக ஞானஸ்நானம் பெறுபவர் தம் கையைத் தம் தலைமேலேயே வைத்து, இந்தச் செய்தியைப் பிறருக்குச் சொல்லாமல் போனால் எனக்குக் கேடு என்ற பொருளில் பவுலின் வார்த்தைகளைச் சொல்லும்படி செய்வார் பிஷப். சேர்ந்த நாளிலேயே தொண்டராகப் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு தமிழ், தெலுங்கு நாட்டோடு நிற்கவில்லை. வடகிழக்கில் மிசோ மலைகளில் 1910இல் தொடங்கிய ‘பூஃபாய் தம்’ இதன் உடன்பிறப்பு. அங்கேயும் சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி, அங்கேயும் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கும் பெண்கள். மிசோராம் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அது இன்று பெரிய வருமான வழிகளில் ஒன்று.

கதை இப்போது தாம்பரத்துக்கு வருகிறது.

1937 ஜனவரியில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு, தாம்பரம் சேலையூர்க் காட்டோரம் 365 ஏக்கருக்குக் குடிபெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் நட்ட மரங்கள் அப்போது கன்றுகள். மறு ஆண்டு அந்தப் புது வளாகத்துக்கு உலகமே வந்து இறங்கியது. சர்வதேச மிஷனெரி மன்றத்தின் மாநாட்டைச் சீனாவில் ஹாங்சோ நகரில் நடத்துவதாகத்தான் முதலில் ஏற்பாடு. 1937இல் ஜப்பான் படையெடுத்ததால் இடம் மாறித் தாம்பரத்துக்கு வந்தது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சுமார் 70 நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள். போரில் இருந்த சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்தார்கள். ஜப்பானியச் சேரிகளில் வாழ்ந்து ஊழியம் செய்த ககாவா வந்தார். தென்னாப்பிரிக்காவின் க்ரௌட்வில் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி வந்தார். 1960ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு பிற்பாடு அவருக்குக் கிடைத்தது. தாம் படித்த கல்லூரியின் புது வளாகத்துக்கு 64 வயதில் வந்தார் அசரியா.

மாநாட்டு வெளியீடுகள் ஏழு தொகுதிகள். இறையியலாளர்கள் இன்றும் சண்டை போடுவது முதல் தொகுதியைப் பற்றி. ஐந்தாவதை யாரும் அதிகம் திறப்பதில்லை. அதன் தலைப்பு ‘சபையின் பொருளாதார அடித்தளம்’. மெர்ல் டேவிஸ் என்பவர் தலைமையில் ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகள் சொந்தக் காலில் நிற்க முடியுமா, அங்குள்ள மக்களின் வருமானம் என்ன, அவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். தாம்பரத்தில் 471 பேர் கூடி விவாதித்த அந்தக் கேள்விக்கு முதலூரிலும் தோர்ணக்கல்லிலும் அடுப்படியில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. மாநாடு முடிந்து ஒரு வாரத்தில், 1939 ஜனவரி 6இல், தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையாயிற்று. கோயில் தூணும் மசூதிக் கும்மட்டமும் கலந்த அந்தக் கட்டடம் எழும்ப ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது.

தாம்பரத்துக்கு 1931இலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் ரயில் பாதையை ஒட்டிக் குடியேறினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி, ரயில்வே ஊழியர், ஆசிரியை, நர்ஸ் என்று வந்தவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடிக் கிறிஸ்தவர்கள் கணிசம். பின்னாளில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைகள் வந்ததும் முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டிப் படப்பை வரை மனைகள் விற்றன. வயல் இருந்த இடத்தில் நகர்கள் முளைத்தன. நகருக்கொரு சின்ன ஆராதனைக் கூடமும் முளைத்தது.

வந்தவர்கள் மூட்டையோடு பழக்கங்களையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் பெரியது அசனம். உணவு என்ற பொருளுள்ள வடசொல்தான். தென்மாவட்டச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் இல்லாமல் முடியாது. அசனத்துக்கு முந்தின இரவைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கோயில் வளாகத்தில் தார்ப்பாய் விரித்து முப்பது, நாற்பது பெண்கள் அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிடுவார்கள். கத்தரிக்காய் மலை ஒரு பக்கம், பூண்டுத் தோல் காற்றில் பறக்க இன்னொரு பக்கம். யார் மகளுக்கு வரன் பார்த்திருக்கிறது, யார் மருமகள் சண்டைக்காரி என்ற சேதியெல்லாம் அங்கேதான் பரிமாற்றம். ஆண்கள் மண்ணைத் தோண்டிக் கோட்டையடுப்பு போட்டு வார்ப்புகளை ஏற்றுவார்கள். விடிகாலையில் வடித்த சோறு ஓலைப்பாயில் குவியும். ஆவி பறக்கும் அந்தக் குவியலைத் துடுப்பால் புரட்டுவது ஒரு தனி வித்தை. அடியில் கட்டிப்பட்டால் போயிற்று. முதல் பந்தியில் பணக்காரர், கடைசிப் பந்தியில் ஏழை என்ற வழக்கம் இல்லாமல் ஒரே வரிசையில் இலை போட வேண்டும் என்பது விதி. சாதி பார்த்துப் பந்தி பிரிந்த காலத்தில் இந்த விதிக்கு நிறைய வேலை இருந்தது. எல்லா ஊரிலும் அது ஜெயித்தது என்று சொல்ல முடியாது. சாப்பிட்டு எழுந்தவர்கள் வீட்டிலிருக்கும் நோயாளிக்கென்று தூக்குவாளியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அசனத்துக்கு அரிசி எங்கிருந்து? வசதியுள்ளவர் மூட்டை கொடுப்பார், மீதிக்கு வீட்டுக்கு வீடு அளந்து எடுப்பார்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் ஏற்பாடு வேறு. படப்பை வட்டாரம் 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் இருக்கிறது. 1833இல் பாரிஸில் மாணவர் ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, 1921இல் டப்ளினில் பிறந்த மரியாயின் சேனை இரண்டும்தான் அங்கே தொண்டர்களின் முதுகெலும்பு. வின்சென்ட் தே பவுல் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியக் கூடாது. பிறகு அந்தப் பணத்தோடு குறித்த வீடுகளுக்கு நேரில் போவார்கள். தபாலில் அனுப்பினால் ஆகாது.

பெண்கள் இத்தனை செய்தும் முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் வர வெகுகாலம் பிடித்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உதயமானது. அதில் முதன்முதலாக ஒரு பெண் குருவாக அபிஷேகம் பெற்றது 1976இல். முதல் பெண் பிஷப்பாக புஷ்பலலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். சபைக் கமிட்டித் தேர்தல்களிலும் பேராய வழக்குகளிலும் ஆண்கள் செலவழிக்கும் ஆற்றலைப் பார்க்கும்போது, சனிக்கிழமை மாலை பையோடு தெருவில் இறங்கும் பெண்களிடம் அந்த நிர்வாகத்தை ஒருமுறை கொடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றாமல் போகாது.

2015 டிசம்பர் முதல் வாரம் தாம்பரம், படப்பைப் பகுதிக்கு ஒரு சோதனை. செம்பரம்பாக்கம் ஏரி திறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சென்னையில் இன்றும் பேசுவார்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அது காரணமல்ல. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது அந்த ஊர்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரில் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம், படப்பை ஏரிகள் நிரம்பி வழிந்து ஒரே நேரத்தில் இறங்கிய வெள்ளம். முதல் மாடி வரை தண்ணீர், படகில் மீட்பு. கரண்ட் இல்லை, போன் இல்லை. மேட்டில் இருந்த கோயில் மண்டபம், பள்ளிவாசல், தேவாலயம் எங்கும் அடுப்பு எரிந்தது. ஆயிரம் பேருக்குச் சோறாக்கத் திடீரென்று பழகிக்கொள்ள முடியாது. எந்த வார்ப்புக்கு எத்தனை சிப்பம், எவ்வளவு உப்பு, எப்போது தீயை இழுக்க வேண்டும் என்று கை அறிந்தவர்கள் வேண்டும். கோயில் அன்னதானத்திலும் கந்தூரியிலும் அசனத்திலும் வருடக்கணக்காகத் துடுப்புப் பிடித்த கைகள் அந்த வாரம் சாம்பார் சாதமும் புளிச் சோறும் பொட்டலம் கட்டின.

டப்பாவின் இன்றைய நிலை கொஞ்சம் தள்ளாட்டம்தான். 25 கிலோ சிப்பமாக அரிசி வாங்கி, குக்கரில் இரண்டு டம்ளர் போடும் வீட்டில் ஒரு பிடி எடுத்தால் தண்ணீர் அளவு தவறிவிடுகிறது. அலுவலகத்துக்கு ஓடும் மருமகள்கள் மாதம் ஒரு தொகையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சில சபைகளில் காணிக்கைக்கு ஸ்கேன் பண்ணும் அட்டையே வாசலில் தொங்குகிறது. கவரின் மேலே அச்சடித்திருப்பது மட்டும் இன்னும் ‘கைப்பிடி அரிசிக் காணிக்கை’.

பையில் வரும் அரிசிக்கு ஒரு தொல்லை எப்போதும் உண்டு. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, யாரோ பிரியாணிக்கு வாங்கியதில் மிஞ்சிய பாசுமதி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். ஊறவைத்து அரைத்தால் அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் ஆராதனை முடிந்து நடக்கும் ஏலத்தில் இந்தக் கலப்பரிசியை மாவு அரைக்க வாங்குபவர்கள் உண்டு. கூவி முடித்ததும் பொருளாளர் நோட்டைத் திறந்து தேதியையும், எதிரே ‘கை. அரிசி’ என்றும், அதற்கு நேரே தொகையையும் எழுதிக்கொள்கிறார். அள்ளியவர் பெயருக்கும் சுமந்து வந்தவர் பெயருக்கும் அந்த நோட்டில் கட்டம் போடவில்லை. காலிப் பையை உதறி மடித்து எடுத்துக்கொண்டு பெண்கள் வீட்டுக்குப் போகிறார்கள், மதியச் சமையலுக்கு நேரமாகிவிட்டது.